சுவருக்கு ஒரு தொப்புள்

"சுவருக்குத் தொப்புள் இருக்கு, சித்தி," என்றான் தவளை.

சித்தி திரும்பவில்லை. பல் டாக்டரின் கிளினிக்கில், கம்ப்ரஸர் ஓடும் சின்னத் தடுப்பறையில், அலமாரியின் மேல்தட்டுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேண்டியது ஒரு தகடு. பெயிண்டர்கள் சுவரில் பட்டி இழுக்கும் மரப்பிடித் தகடு. திங்கட்கிழமை அதைச் சாட்சிப் பொருள் என்று சொல்லிப் பெயிண்டரின் பையிலிருந்து எடுத்து வைத்தவளே அவள்தான்.

"மனுஷனுக்குத்தான் இருக்கும்னு நினைச்சேன். இங்க சுவருக்கும் பிரசவம் பார்த்திருக்காங்க."

"வாயை மூடிட்டுத் தகட்டைத் தேடு."

"நீங்க தகட்டைத் தேடுங்க, நான் சுவரைப் பார்க்கிறேன். வேலையைப் பிரிச்சுக்குவோம்."

தவளை அவளுடைய அக்கா மகன். முப்பது தாண்டியவன். ஒரு கார்ட்டூன் படத்தில் தவளைக்குக் குரல் கொடுத்தான். அதற்குப் பிறகு யாரும் அவனை வேறு எந்தப் பிராணிக்கும் கூப்பிடவில்லை. அன்றிலிருந்து சித்தியின் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளன். வருகிறவர்கள் எல்லாம் அவன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அவளைச் சித்தி என்றே நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

மற்ற நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். இன்று காலையிலிருந்து அவள் முகம் சுருங்கிப் போயிருந்தது.

காலையில் பெயிண்டர் அலுவலகத்துக்கு வந்திருந்தார். சண்டை போடுவார் என்று நினைத்து எழுந்து நின்றாள். அவர் சண்டை போடவில்லை. "அந்தத் தகடு மட்டும் வேணும் மேடம். கைக்குப் பழகினது. வேற வேலை தேடணும்," என்றார். தகடு கிளினிக்கில் இருக்கிறது, எடுத்துத் தருகிறேன் என்று அவள் சொன்னதும் தலையை ஆட்டிவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டார். அவர் போன பிறகு அவளுடைய தேநீரில் ஆடை படிந்தது. தங்க மோதிரத்தைத் திருடி வைத்திருக்கிறவன் மழுங்கிய தகடு ஒன்றைக் கேட்டு மூன்று மாடி ஏறுவானா?

சனிக்கிழமை மதியத்தோடு கிளினிக் மூடும். பல் டாக்டர் கையுறை போடும் முன் மோதிரத்தைக் கழற்றி, கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்திலுள்ள எவர்சில்வர் கிண்ணத்தில் வைப்பது வழக்கம். அவளுடைய அம்மாவின் மோதிரம். அந்தச் சனிக்கிழமை அதை எடுத்துப் போட மறந்து போய்விட்டாள். மதியத்துக்கு மேல் உள்ளே இருந்தது பெயிண்டர் மட்டும். பழைய அலமாரிகளைக் கழற்றியதில் ஜிப்சம் போர்டு சுவர்களில் விழுந்த ஓட்டைகளை அடைக்க வந்தவர். வேலையை முடித்து, பூட்டி, சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை கிண்ணம் காலி.

சித்தியைக் கூப்பிட்டார்கள். அவள் எல்லோரையும் விசாரித்தாள், சாவியை விசாரித்தாள், பிறகு காத்திருப்பு ஹாலின் நடுவில் நின்று சொன்னாள்: "இவரைத் தவிர வேற யாருக்கும் சந்தர்ப்பமே இல்லை." நல்ல வாக்கியம். படியேறி வரும்போதே இரண்டு முறை சொல்லிப் பார்த்த வாக்கியம்.

போலீஸ் வேண்டாம் என்றாள் டாக்டர். ஆனால் அந்த ஹாலில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் பெயிண்டிங் காண்ட்ராக்டர். கல்லூரி விடுதி ஒன்றுக்கு வர்ணம் அடிக்கும் பெரிய வேலைக்குப் பெயிண்டரைச் சேர்த்திருந்தவர். "நீ வர வேண்டாம்," என்றார் உட்கார்ந்த இடத்திலிருந்தே. அந்த வேலை நாளைக் காலையில் தொடங்குகிறது.

"சித்தி, நிஜமா வந்து பாருங்க."

அவள் வந்து பார்த்தாள். ஆணியில் மாட்டியிருந்த வெள்ளை மேலங்கிகளைத் தவளை ஒதுக்கிப் பிடித்திருந்தான். நெஞ்சு உயரத்தில் சுவர் வட்டமாக உள்வாங்கியிருந்தது. நடுவில் குழி. குழியைச் சுற்றிக் கோடு கோடாக விரிசல். மேலே அடித்த வர்ணம் அந்த வட்டத்தில் மட்டும் செத்த மீனின் கண் மாதிரி மங்கிக் கிடந்தது.

"பெயிண்டர் இந்த ரூமுக்குள்ள வரவே இல்லையே. ஹாலும் டாக்டர் ரூமும் மட்டும்தானே அவர் வேலை," என்றாள்.

"வந்திருந்தா இந்தக் கொடுமையைப் பண்ணியிருக்க மாட்டார். இது என்னை மாதிரி ஒருத்தன் பண்ணினது."

"உனக்கென்ன தெரியும் இதைப் பத்தி?"

"என் ரூம்ல கதவு மோதி ஒரு ஓட்டை. வாளில ரெடியா கிடைக்குதே பட்டி, அதை வாங்கி ஒரே அப்பு அப்பினேன். ஈரமா இருக்கிறப்ப அவ்வளவு அழகு. காயக் காய உள்ள வாங்கிடுச்சு. சரி, அழுக்கையாச்சும் துடைப்போம்னு ஈரத்துணியை வச்சேன். பட்டி கரைஞ்சு துணியோட வந்துடுச்சு. இப்ப அது மேல காலண்டர் மாட்டியிருக்கேன். வருஷம் முடியுறதை நினைச்சாலே பயமா இருக்கு."

சித்தி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நகத்தால் தொப்புளின் ஓரத்தில் வர்ணத்தைச் சிறிது சுரண்டினாள். பக்கத்து டப்பாவிலிருந்து பஞ்சை எடுத்து நனைத்து, சுரண்டிய இடத்தில் தேய்த்தாள். பஞ்சில் வெள்ளைச் சேறு அப்பிக்கொண்டு வந்தது.

"வா," என்றாள்.

டாக்டரின் அறையில் நாற்காலியில் ஒருவர் வாயைப் பிளந்து கிடந்தார். எச்சில் உறிஞ்சும் குழாய் அவர் உதட்டில் களகளவென்று சத்தம் போட்டது.

"பெயிண்டர் அடைச்ச ஓட்டை ஒண்ணைக் காட்டுங்க டாக்டர்."

"கேஸ் முடிஞ்சுதுன்னு நினைச்சேன் மேடம்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன்."

டாக்டர் கையுறை போட்ட விரலால் கதவுக்கு மேலே காட்டினாள். அவள் காட்டியிராவிட்டால் அந்த இடத்தைக் கண்டுபிடித்திருக்க முடியாது. தவளை ஸ்டூலில் ஏறி, மூலையில் துளியூண்டு வர்ணத்தைச் சுரண்டி, வேறொரு ஈரப் பஞ்சால் அழுத்தித் தேய்த்தான். பஞ்சு அப்படியே இருந்தது. விரலால் தட்டினான். கல்லைத் தட்டிய சத்தம்.

"இது வேற பட்டி, வேற கை," என்றான் இறங்கி வந்து. நாற்காலியில் கிடந்தவர் வாயை மூடாமலே கண்ணை உருட்டி அவனைப் பார்த்தார். "நீங்க அசையாதீங்க சார், உங்க விஷயத்துல நாங்க தலையிட மாட்டோம்."

சித்தி கை கழுவப் போனாள். தொட்டிக்குக் கீழே ஒரு மக் இருந்தது. அதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. குனிந்து பார்த்தாள். தொட்டிக் குழாயின் அடியில் வளைந்த பகுதியை யாரோ கழற்றித் திரும்ப மாட்டியிருந்தார்கள். மரை ஏறாமல் கோணலாக நின்றது. பிளாஸ்டிக் நட்டில் குறடு கடித்த தடம் புதிதாக இருந்தது.

"இது எத்தனை நாளா ஒழுகுது?"

"இந்த வாரமாத்தான். பிளம்பரைக் கூப்பிடுடான்னு சொல்றேன், காதிலேயே போட்டுக்க மாட்டேங்கறான்," என்றாள் டாக்டர்.

அவள் சொன்னது தன் தம்பியை. கிளினிக்கின் முன் மேஜையில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறவன். அவன் அப்போதுதான் வாசலில் வந்து நின்றான். மெலிந்தவன், நல்ல குரல் உள்ளவன். தொலைபேசியில் அவன் பேசினால் பல் வலி பாதி குறைந்துவிடும் என்று நோயாளிகள் சொல்வார்கள்.

"பெயிண்டர் விஷயமா வந்தீங்களா மேடம்? பாவம், விட்டுடலாம்னு அன்னைக்கே சொன்னேனே."

"ஆமாம். அன்னைக்கு நீங்க மட்டும்தான் அப்படிச் சொன்னீங்க," என்றாள் சித்தி.

"டோக்கன் கொடுக்கிறதுக்கும் கிளவுஸ் போடணுமா தம்பி?" என்று கேட்டான் தவளை.

அவன் கையுறை மாட்டிய தன் கையைப் பார்த்தான். "பழக்கம்," என்று சொல்லிவிட்டு மேஜைக்குத் திரும்பிப் போனான்.

தெருமுனையில் இருந்த ஹார்டுவேர் கடை நீளமாகவும் இருட்டாகவும் இருந்தது, ஒரு ரயில் பெட்டியைத் தெருவில் விட்டுவிட்டு ரயில் போய்விட்டது போல. கடைக்கார அம்மா முகப்பில் உட்கார்ந்து திருகாணிகளை அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். தவளை பட்டி அப்பிய பஞ்சை அவர் முன்னால் வைத்தான்.

"இது வாளிப் பட்டி," என்றார் ஒரு பார்வையில். "தண்ணில கரையுதே."

"பவுடர் பட்டி கரையாதா?"

"அது இறுகுற சாதி. தண்ணி கலந்தா உள்ளுக்குள்ளயே சூடாகிக் கல்லாயிடும். அப்புறம் அதுக்குத் தண்ணியைப் பத்திக் கவலை இல்ல. ஆனா கலந்த கையோட வேலையை முடிக்கணும், இல்லேன்னா சட்டியிலேயே இறுகிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும் கஷ்டம். வாளி அப்படி இல்ல, தண்ணி வத்தித்தான் காயும். ஆணி ஓட்டை, மேல் கோட்டு, இதுக்கெல்லாம் வாளிதான் சுகம். மெலிசா பூசு, ஒரு நாள் காய விடு, தேய், இன்னொரு கோட்டு பூசு. பொறுமை இருக்கிறவங்களுக்கு அது."

"பெரிய ஓட்டைக்கு?"

"பின்னாடி துண்டு போர்டு வச்சு முடுக்கி, பவுடரை அடைச்சு, டேப் ஒட்டி, மேல வாளிப் பட்டி. இதைத்தான் அன்னைக்கு வந்த ஆளுகிட்டயும் கரடியா கத்தினேன்."

சித்தி முகப்பில் சாய்ந்துகொண்டாள். "எந்த ஆளு?"

"சனிக்கிழமை பொழுது சாயுற நேரம். மூக்கும் வாயும் மறைச்சு மாஸ்க். எவ்வளவு பெரிய ஓட்டைன்னு கேட்டேன். முஷ்டியை மடக்கிக் காட்டினார். அதுவும் இடது கையை. வலது கை பாக்கெட்லயே இருந்துச்சு. பவுடர் எடுங்கன்னேன். கலக்கிற வேலையெல்லாம் ஆகாது, திறந்தா பூசிடணும்னார். தகடு வேணுமான்னேன். அது இருக்குன்னார்."

"முகம் பார்த்தா அடையாளம் சொல்வீங்களா?"

"கண்ணு மட்டும்தான் தெரிஞ்சுது. செவந்து போய் இருந்துச்சு. சுவர்த் தூசி பட்டிருக்கும்னு நினைச்சேன்." அவர் ஒரு திருகாணியை எடுத்துப் பார்த்து வேறு குவியலில் போட்டார். "இப்ப நீங்க கேட்கிறதைப் பார்த்தா தூசி இல்ல போலிருக்கு."

சித்தி அவரிடம் ஒரு பெட்டிக் கத்தியும் ஒரு பை பவுடர் பட்டியும் வாங்கினாள்.

"கத்தி எதுக்குன்னு புரியுது. பவுடர் எதுக்கு சித்தி?" என்றான் தவளை தெருவில்.

"சுவரை உடைச்சா அடைக்கணும் இல்லையா?"

"ஆளு தெரிஞ்சுபோச்சு. அப்புறம் எதுக்கு உடைக்கணும்? மாஸ்க், கிளவுஸ், ஒழுகுற குழாய். போய் ஹால்ல நின்னு சொல்லிட்டா முடிஞ்சுது."

அவள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு விலகிப் போனது.

"போன தடவையும் மோதிரம் இல்லாமத்தான் ஆளைச் சொன்னேன்," என்றாள்.

தவளை பவுடர் பையை அவளிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

கிளினிக்கில் மதிய இடைவேளை. டாக்டரையும் தம்பியையும் கம்ப்ரஸர் அறைக்குக் கூப்பிட்டாள் சித்தி. நான்கு பேர் நின்றால் மூச்சு முட்டும் அறை அது. பெயிண்டரின் தகடு மேல்தட்டில் ஒரு பழைய துண்டுக்குள் கிடைத்தது. அதைக் கையில் எடுத்ததும் அதன் பிடியில் ஒரு கட்டைவிரல் பள்ளம் இருப்பது தெரிந்தது. வேறு ஒருவரின் கட்டைவிரல் வருஷக் கணக்கில் அழுத்தியது. அவள் விரல் அதில் பொருந்தவில்லை.

"இந்த வடுவைப் பாருங்க டாக்டர். பட்டி இழுத்த கோடு எல்லாம் விரல் அகலம்தான். இவ்வளவு சின்னத் தகடு எந்தப் பெயிண்டர்கிட்டயும் இருக்காது."

டாக்டர் குனிந்தாள். "சிமெண்ட் கலக்கிற கரண்டி," என்றாள் மெதுவாக. அவள் சொன்னது பல் அடைக்கும் சிமெண்டை.

சித்தி தொப்புளின் மேல் ஈரத்துணியை வைத்துச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்துவிட்டு, தகட்டை நுழைத்தாள். பட்டி தயிர்போல வழிந்து வந்தது. உள்ளே காயவே இல்லை. மேலே வர்ணம் மூடி அடைத்துவிட்டதால் அந்த ஈரத்துக்குப் போக வழி இருக்கவில்லை. அதற்கும் பின்னால் வெள்ளையாக என்னவோ தெரிந்தது. தவளை இரண்டு விரலால் பிடித்து இழுத்தான். சுருள் சுருளாகப் பஞ்சு. பல் பிடுங்கினால் கடித்துக்கொள்ளச் சொல்வார்களே, அந்தப் பஞ்சுச் சுருள்கள்.

"பல் அடைக்கிற மாதிரியே அடைச்சிருக்காங்க. பரம்பரைக் குணம்," என்றான் தவளை.

டாக்டர் பஞ்சைப் பார்த்தாள், பிறகு தம்பியைப் பார்த்தாள். அவன் வலது கையுறையைக் கழற்றினான். விரல் முட்டிகளில் புண் காய்ந்து கறுத்துப் பொருக்குத் தட்டியிருந்தது.

"சனிக்கிழமை சாயங்காலம் கம்ப்ரஸர் டேங்க்ல சேர்ந்த தண்ணியை இறக்க வந்தேன் அக்கா. வாரக் கடைசில எப்பவும் நான்தானே இறக்குவேன். வாட்ச்மேன்கிட்ட கேட்க வேண்டியதில்ல, என்கிட்ட இருக்கிற சாவியே போதும்." அவன் அக்காவின் செருப்பைப் பார்த்துப் பேசினான். "கிண்ணத்துல அம்மா மோதிரம் இருந்துச்சு. எடுத்துப் போட்டுப் பார்த்தேன். சுண்டுவிரல்ல பாதிதான் போச்சு. அதோட இங்க வந்தேன். அப்பதான் நீ போன் பண்ணின."

"நான் என்னடா சொன்னேன்?"

"லேப்புக்குப் பல் அச்சு அனுப்பலன்னு. ஒரு வேலையையும் உருப்படியா செய்ய மாட்டியான்னு கேட்ட."

டாக்டருக்கு நினைவு வந்தது. அவள் முகத்தில் அது தெரிந்தது.

"அம்மாவைக் கடைசில குளிப்பாட்டினது நான். தூக்கி உட்கார வச்சது நான். மோதிரம் உனக்கு. அது சரிதான், நான் ஒண்ணும் கேட்கல. ஆனா அதை விரல்ல போட்டுக்கிட்டு நிக்கிறப்ப நீ அப்படிக் கேட்டதும்..." அவன் சுவரைக் காட்டினான். "குத்திட்டேன். இவ்வளவு மெலிசா இருக்கும்னு நினைக்கல. கை மணிக்கட்டு வரைக்கும் உள்ள போயிடுச்சு."

"மோதிரம் எங்கடா?"

"தெரியலக்கா. சத்தியமா தெரியல. ஓட்டையை அடைச்சு, கையெல்லாம் பட்டி, போய்க் கழுவினேன். அப்புறம் பார்த்தா விரல்ல இல்ல. கழுவுறப்ப நழுவிப் போயிருக்கும்னு குழாயைக் கழற்றிப் பார்த்தேன். அழுக்கு முழுக்கக் கையால அலசினேன். மறுநாள் வந்து வர்ணம் அடிச்சிட்டு மறுபடியும் கழற்றிப் பார்த்தேன். சாக்கடைக்குப் போயிடுச்சு." அவன் சித்தியின் பக்கம் திரும்பினான். "திங்கட்கிழமை சொல்லிடணும்னுதான் வந்தேன். அதுக்குள்ள நீங்க ஹால்ல நின்னு வேற யாருக்கும் சந்தர்ப்பமே இல்லைன்னு சொல்லிட்டீங்க. அவ்வளவு உறுதியா சொன்னீங்க. நான் வாயை மூடிக்கிட்டேன்."

சித்தி கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் ஓட்டைக்குள் மிச்சமிருந்த பஞ்சை நோண்டினாள். ஒரு சுருள் விரலுக்குச் சிக்காமல் நழுவி உள்பக்கம் விழுந்தது. கொஞ்சம் கழித்து, தரையருகில் எங்கோ, மிக லேசாக ஒரு சத்தம் கேட்டது.

அவள் கை நின்றது.

"தம்பி, நீங்க குத்தினப்ப இந்த கம்ப்ரஸர் ஓடிக்கிட்டிருந்ததா?"

"ஆமாம். தண்ணி இறக்குறப்ப காத்து இருக்கணும்."

"அப்ப எந்தச் சத்தமும் கேட்டிருக்காது." அவள் ஓட்டையின் விளிம்பைத் தடவினாள். உடைந்த போர்டின் தாள் பற்களைப் போல உள்நோக்கி மடிந்திருந்தது. "கையை வெளியே இழுத்தப்ப இது பிடிச்சுக்கிட்டது கையை மட்டும்தானா?"

அவனுக்குப் புரிவதற்குள் தவளை பெட்டிக் கத்தியோடு தரையில் மண்டியிட்டிருந்தான். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் போர்டைச் சதுரமாக அறுத்தான். தூசி பறந்தது. துண்டைப் பெயர்த்து எடுத்துவிட்டுக் கையை உள்ளே விட்டான்.

முதலில் பஞ்சுச் சுருளை எடுத்துத் தரையில் வைத்தான். பிறகு, போர்டைத் தாங்கும் சட்டத்தின் அடிக்கட்டையில் தூசிக்குள் கிடந்ததை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான். சின்ன மோதிரம். தேய்ந்தது. கல் கூட இல்லை.

தம்பி சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தான். ஐந்து நாளாக அவன் சாக்கடையில் தேடியது, அவனே பூசி மூடிய சுவருக்குள் இருந்தது.

டாக்டர் மோதிரத்தை எடுத்தாள். போட்டுக்கொள்ளவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு, "லேப்புல கொடுக்கணும்னு அச்சை நான்தான் எடுத்துட்டுப் போயிருந்தேன். என் பையிலேயே இருந்துச்சு," என்றாள். "உன்கிட்ட சொல்லவே இல்ல."

சித்தி ஹாலுக்கு வந்து பெயிண்டருக்கு போன் செய்தாள். மோதிரம் கிடைத்துவிட்டது என்றாள், நீங்கள் எடுக்கவில்லை என்பது உறுதியாகிவிட்டது என்றாள்.

"இதை எதுக்கு மேடம் என்கிட்ட சொல்றீங்க?" என்றார் பெயிண்டர். "எனக்குத்தான் முன்னாடியே தெரியுமே."

அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள்.

"அன்னைக்கு அங்க யார் யார் உட்கார்ந்திருந்தாங்களோ, அவங்ககிட்ட சொல்லுங்க."

அந்த வேலை தம்பியின் தலையில் விழுந்தது. திங்கட்கிழமை வந்த ஒவ்வொருவரையும் அவனுக்குப் பல்லை வைத்து அடையாளம் தெரியும். ஒவ்வொருவராகக் கூப்பிட்டான். "இல்ல சார், பல் பார்க்க இல்ல. சும்மா ஒரு தடவை வந்துட்டுப் போகணும்." "ஆமாம்மா, பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க. கம்பி இறுக்க மாட்டோம்." அந்த நல்ல குரல் ஒவ்வொரு அழைப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரகரத்தது.

"காண்ட்ராக்டர்?" என்று கேட்டாள் சித்தி.

"அவருக்கு எப்படியும் இன்னைக்கு வேர் சிகிச்சை இருக்கு. வந்துடுவார்."

சாயங்காலம் ஹால் நிறைந்தது. திங்கட்கிழமை பல்செட்டுக்காக வந்திருந்த பெரியவர் இன்று பல்செட் இல்லாமல் வந்திருந்தார். கம்பி போட்ட பெண் அம்மாவின் பின்னால் ஒளிந்து, வாயை இறுக்க மூடிக்கொண்டு நின்றாள். காண்ட்ராக்டருக்கு ஊசி போட்டு மரத்துப் போவதற்காக வெளியே உட்கார வைத்திருந்தார்கள். பெயிண்டர் வாசல் கதவோரமாக நின்றார். உட்காரச் சொன்னதற்கு வேண்டாம் என்றார்.

இந்தத் தடவை சித்தி எதையும் முன்கூட்டிச் சொல்லிப் பார்க்கவில்லை. அதனால் வாக்கியங்கள் கோணலாக வந்தன.

"திங்கட்கிழமை இதே இடத்துல நின்னு, மோதிரத்தை இவர்தான் எடுத்தார்ங்கிற மாதிரி சொன்னேன். மாதிரி இல்ல, அப்படியேதான் சொன்னேன். தப்பு. மோதிரம் சுவருக்குள்ள இருந்துச்சு. இவருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நான் சுவரைப் பார்க்கவே இல்ல. சாவியை மட்டும் பார்த்தேன், அதுவும் வாட்ச்மேன்கிட்ட இருந்த சாவியை மட்டும். அவ்வளவுதான். என் தப்பு."

தம்பி மேஜைக்குப் பின்னாலிருந்து எழுந்தான். "எடுத்தது நான். தெரிஞ்சே பேசாம இருந்தேன்."

பல்செட் பெரியவர் என்னவோ சொன்னார். பல் இல்லாததால் யாருக்கும் விளங்கவில்லை. பெயிண்டர் காண்ட்ராக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காண்ட்ராக்டரின் பாதி உதடு தொங்கிப் போயிருந்தது. தொண்டையைச் செருமினார். "நாழைக்கு வா," என்று குழறிவிட்டு, சைகையிலும் வா என்று காட்டினார்.

"புரியல சார்," என்றார் பெயிண்டர்.

புரிந்திருந்தது. எல்லோருக்கும் புரிந்திருந்தது. காண்ட்ராக்டர் எழுந்து நின்றார். கன்னத்தைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, இந்த முறை ஹாலின் கடைசி நாற்காலிக்கும் கேட்கும்படி சொன்னார்: "நாளைக்குக் காலைல வேலைக்கு வா. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"சரிங்க சார்."

கூட்டம் கலைந்தது. டாக்டர் வாசல் வரை போய்ப் பெயிண்டரிடம் பேசினாள். மன்னிப்புக் கேட்டாள். பிறகு தயங்கி, கம்ப்ரஸர் அறைச் சுவரில் இப்போது இரண்டு ஓட்டை இருக்கிறது, நேரம் கிடைக்கும்போது நீங்களே வந்து அடைத்தால் நன்றாக இருக்கும் என்றாள்.

"வேற ஆளைப் பாருங்கம்மா," என்றார் அவர். குரலில் கோபம் இல்லை.

சித்தி கம்ப்ரஸர் அறைக்குள் போய்த் தரையில் உட்கார்ந்தாள். அறுத்த ஓட்டையின் பின்னால் தவளை ஒரு துண்டு போர்டை வைத்துத் திருகாணியால் முடுக்கியிருந்தான். அவள் சட்டியில் பவுடரைக் கொட்டினாள்.

"சித்தி, உங்களுக்கு இது வருமா?"

"வராது."

"அப்ப நாமளும் ஒரு காலண்டர் வாங்கி வச்சுக்கலாம்."

அவள் தண்ணீர்ச் செம்பை எடுத்தாள். அப்போது வாசலில் நிழல் விழுந்தது. பெயிண்டர். அவர் சித்தியைப் பார்க்கவில்லை, அலமாரியைப் பார்த்தார். சித்திக்கு நினைவு வந்தது. எழுந்து தகட்டை எடுத்தாள். அதில் மதியம் சுரண்டிய பட்டி காய்ந்து ஒட்டியிருந்தது. முந்தானையால் துடைத்தாள். முழுதாகப் போகவில்லை. அப்படியே நீட்டினாள்.

அவர் வாங்கிக்கொண்டார். கட்டைவிரல் தன் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. மிச்சமிருந்ததை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுத் தகட்டைப் பைக்குள் வைத்தார். திரும்பிப் போக இருந்தவர், தரையிலிருந்த சட்டியைப் பார்த்து நின்றார்.

"பவுடர்ல தண்ணி ஊத்தாதீங்க," என்றார். "தண்ணில பவுடரைப் போடுங்க. கட்டி தட்டாது."

காலடிச் சத்தம் படிகளில் இறங்கிப் போனது. சித்தி பவுடரைத் திரும்பப் பைக்குள் கொட்டினாள். சட்டியைத் துடைத்தாள். முதலில் தண்ணீரை ஊற்றினாள்.